மகனின் கையைப் பிடித்து ஊசி போடவைத்தது பாவமா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாகட்டும்.

 

சென்ற வாரம் இஷா தொழுகைக்குப் பிறகு ஒரு சகோதரர் பள்ளியிலேயே அமர்ந்திருந்தார். அவருடைய மகனுக்கு 19 வயது. மூன்று இரவு தூங்காமல், யாரோ தன்னைக் கொல்ல வருவதாகக் கத்தி, மொட்டை மாடியிலிருந்து குதிக்கப் போனான். அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிச் சென்றார்கள். "வேண்டாம் அத்தா" என்று அவன் அழ, இவர் கையைப் பிடித்துக்கொள்ள, ஊசி போட்டார்கள். மகன் இப்போது தெளிந்துவிட்டான். ஆனால் அத்தாவோடு பேசுவதில்லை. "ஹழ்ரத், நான் செய்தது பாவமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு நபி (ஸல்) அவர்களின் வீட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அவர்களின் இறுதி நோயின்போது, வேண்டாம் என்று சைகை செய்தும், வீட்டார் வாயின் ஓரத்தில் மருந்தை ஊற்றிவிட்டார்கள். நோயாளிக்கு மருந்து பிடிக்காதுதானே என்று நினைத்துக்கொண்டார்கள். தெளிந்ததும் நபியவர்கள் அதைக் கண்டித்தார்கள். அங்கிருந்தவர்களுக்கும் அதே மருந்தைப் புகட்டச் செய்தார்கள். இது புகாரியில் பதிவாகியுள்ளது. தெளிந்த புத்தியோடு ஒருவர் வேண்டாம் என்றால், அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

ஆனால் புத்தி மறைக்கப்பட்டவர் விஷயம் வேறு. அவரைவிட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டிருப்பதாக நபிமொழி சொல்கிறது. தன் செயலுக்கே பொறுப்பாளியாகாத பிள்ளையிடம், உயிரா மரணமா என்ற முடிவை விட்டுவிட முடியுமா? உயிரையும் அறிவையும் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்கள். அந்த இரவில் அந்தத் தகப்பன் காத்தது அவ்விரண்டையும்தான்.

எனினும் நிர்ப்பந்தத்தில் கிடைக்கும் அனுமதி, நிர்ப்பந்தத்தின் அளவுக்கு மட்டுமே என்பது ஃபிக்ஹின் விதி. நம் நாட்டின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் அவசர சிகிச்சைக்கு 72 மணி நேரம் என்றே வரம்பு வைத்திருக்கிறது. லோராசெபாம், ஹாலோபெரிடால் போன்ற ஊசிகள் கொந்தளிப்பை அடக்குபவை. நோய்க்கான சிகிச்சை அதன் பிறகே தொடங்குகிறது.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். ஹாலோபெரிடால் போட்ட இளைஞர்கள் சிலருக்குக் கழுத்து திருகும், கண் மேலே செருகும். ஜின் பிடித்துவிட்டது என்று ஓடாதீர்கள். அது மருந்தின் பக்கவிளைவு. மருத்துவரிடம் உடனே சொன்னால் மாற்று ஊசியில் சரியாகிவிடும். துஆ ஓதுங்கள், சிகிச்சையை நிறுத்தாதீர்கள். சிகிச்சைக்குப் பதில் சங்கிலி போட்டதன் முடிவை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் பார்த்தோம். தீப்பிடித்தபோது, கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

அந்தச் சகோதரரிடம் சொன்னேன்: "நீங்கள் செய்தது பாவமல்ல. ஆனால் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. புத்தி திரும்பியதும் அவனுடைய உரிமையும் திரும்பிவிட்டது. அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். அன்று என்ன நடந்தது, ஏன் பிடித்தோம் என்று சொல்லுங்கள். அவனுக்கு எது வலித்தது என்று கேளுங்கள். மறுபடி அப்படி ஒரு நிலை வந்தால் தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று எழுதிக்கொடுக்கும் உரிமையை அதே சட்டம் அவனுக்குத் தந்திருக்கிறது. அவனே தேர்ந்தெடுக்கட்டும்."

பெற்றோர்களே! "சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் மறுபடி ஊசி போடச் சொல்வேன்" என்று ஒருபோதும் மிரட்டாதீர்கள். மருந்து அல்லாஹ்வின் ரஹ்மத். அதைச் சாட்டையாக்குவது அநீதி. மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பிள்ளையின் நிலை முற்றும்வரை காத்திருக்காமல், 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு அமைதியையும், அவர்களுக்குச் செவிகொடுக்கும் பொறுமையை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.