"தெரியுதா, மகன்?"

பூமி சூரியனைச் சுற்றுகிறது. வாசகரே, இது உங்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்று அவன் கேட்டால் என்ன சொல்வீர்கள்? பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், புத்தகத்தில் இருக்கிறது. நம் அறிவில் பெரும்பங்கு இப்படிப் பிறருடைய சாட்சியின்மேல் நிற்பதுதான். அதில் இழிவு ஒன்றுமில்லை. எதையும் நானே சோதித்த பிறகுதான் நம்புவேன் என்பவன், தன்னைப் பெற்றவள் யார் என்பதையே நம்ப முடியாது. ஆனால் சாட்சி சொல்பவன் கண்டதைக் கண்டபடி சொல்ல வேண்டும். அது பிசகினால் எல்லாமே பிசகும்.

வானாய்வு நிலையங்கள் பொதுமக்களுக்குக் கதவு திறக்கும் இரவுகளை எண்ணும்போது இந்த நினைவுதான் வருகிறது. தமிழ்நாட்டில் ஜவ்வாது மலைக் காவலூரில், 2.34 மீற்றர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி 1986இல் திறந்துவைக்கப்பட்டது. அதற்காக உழைத்த வைணு பாப்பு 1982இலேயே காலமாகிவிட்டார். நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சனிக்கிழமைகளில் குடும்பங்கள் அங்கே போவது வழக்கம். பெரிய கருவியைச் சுற்றிப் பார்க்கலாம். கண் வைத்துப் பார்க்கக் கிடைப்பது சிறிய தொலைநோக்கி. நம் நாட்டில், மொறட்டுவை கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்துக்கு யப்பான் 1996இல் அன்பளித்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி உண்டு. அங்கும் பொதுமக்களுக்கான வானோக்கு இரவுகள் நடந்து வந்திருக்கின்றன.

அத்தகைய இரவில் நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். வரிசை நீளம், ஒருவருக்குச் சில விநாடிதான். சிறுவன் படியேறி ஒற்றைக் கண்ணை வைக்கிறான். ஒன்றும் பிடிபடவில்லை. தலை கொஞ்சம் விலகினாலும் எல்லாம் இருட்டு. "தெரியுதா, மகன்? வளையம் தெரியுதா?" என்று கீழேயிருந்து தாய் கேட்கிறாள். பின்னால் நிற்பவர்கள் பொறுமை இழக்கிறார்கள். "தெரியுது" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறான். எல்லாருக்கும் மகிழ்ச்சி! பெரியவர்களும் இதற்கு விலக்கல்ல. படத்தில் கண்ட சனிக்கோள் வண்ணக் கோலமாயிருந்தது. கண்ணருகே வந்ததோ பயறளவுகூட இல்லாத வெளிறிய பொட்டு. ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டு "அருமை" என்கிறோம்.

இது சின்னப் பொய்தானே என்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1610 சனவரியில் வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளைக் கண்டுபிடித்த கலிலியோ, ஏப்பிரலில் தம் தொலைநோக்கியோடு பொலோஞா நகருக்குப் போனார். மாஜினி என்ற வானியல் பேராசிரியரின் வீட்டில் இருபதுக்கு மேற்பட்ட அறிஞர்கள் கூடிப் பார்த்தார்கள். நிலவுகளைத் தெளிவாகக் கண்டோம் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. அவர்களை மூடர்கள் என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதற்கு மனம் வரவில்லை. கருவியின் பார்வைப் பரப்பு மிகக் குறுகியது, கண்களோ பழகாதவை. காணாததைக் காணவில்லை என்றார்கள். பாதுவாவில் மெய்யியல் கற்பித்த கிரெமோனினியைப் போல, பார்க்கவே மறுத்தவர்களின் குற்றம் வேறு.

அதே ஆண்டு பிராகு நகரில் கெப்லருக்குக் கலிலியோ செய்த தொலைநோக்கி ஒன்று இரவலாகக் கிடைத்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? உடனிருந்தவர்கள் ஒவ்வொருவரும் தாம் கண்டதை மற்றவர் பாராதபடி சுண்ணக்கட்டியால் வரைய வேண்டும் என்றார். பிறகே ஒப்பிட்டார்கள். ஒருவர் வாயைப் பார்த்து ஒருவர் "ஆம்" போட அங்கே இடமில்லை. நிலவுகள் உறுதியாயின. உரோமையில் முதலில் நகைத்த இயேசு சபைக் குரு கிளாவியுசும் ஆண்டு முடிவதற்குள் தாமே பார்த்து ஒப்புக்கொண்டார். (அதே உரோமையில்தான் 1633இல், பூமி சுற்றுகிறது என்ற கருத்துக்காகக் கலிலியோ தண்டிக்கப்பட்டார். அன்றைய இறையியலார் தவறினார்கள் என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் வெளிப்படையாகக் கூறியது 1992இல். 359 ஆண்டுகள்!)

ஆகவே பெற்றோரே, படியில் நிற்கும் பிள்ளையிடம் "தெரியுதா?" என்று கேளாதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரே விடைதான் உண்டென்று பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். "என்ன தெரியுது?" என்று கேளுங்கள். "ஒன்றுமில்லை" என்றால் இன்னும் அரை நிமிடம் கொடுங்கள், வரிசை காத்திருக்கட்டும். அதன் பிறகும் ஒன்றும் தெரியாமல் இறங்கி வந்தால் கடிந்துகொள்ளாதீர்கள், கேலியும் வேண்டாம். வந்த செலவு வீண் என்று முகத்தைச் சுளித்தால் அடுத்த முறை அவன் நிச்சயமாக வளையத்தைக் காண்பான், மேகம் மூடியிருந்தாலும்!

மொறட்டுவை எல்லாருக்கும் எட்டாது. ஆனால் ஜூன் மாதத்தில் புனித அந்தோனியார் திருவிழாவுக்காக வஹகோட்டைக்குப் பிள்ளைகளோடு வருகிறவர்கள், மேகம் இடங்கொடுத்தால், இரவு 9 மணியளவில் தெற்கே பார்க்கலாம். வானத்தில் அதிக உயரமில்லாமல் பிரகாசமான இரு விண்மீன்கள். அவற்றுக்கு வலப்புறம் சிறிய சிலுவை வடிவில் நான்கு. அந்த இரண்டில் இடப்பக்கம் இருப்பது, அதிக ஒளியுடையது, ஆல்பா சென்டோரி. அதன் ஒளி நம்மை வந்தடைய 4 ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் வால்வெள்ளியொன்றைப் பார்த்துக்கொண்டிருந்த ரிஷோ என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு, தம் தொலைநோக்கியில் அதையும் பார்த்து, அது ஒன்றல்ல, இரண்டு என்று கண்டார்.

இதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். அந்த இடப்பக்க ஒளியைக் காட்டி, எத்தனை என்று கேளுங்கள். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். அவன் "ஒன்று" என்று சொல்லட்டும். ரிஷோ அடிகளாரின் கதை அதற்குப் பிறகு.