வாரண்டி முடிந்த மறுநாள்

கிள்ளானில் மாமா வீட்டு மேசை இழுப்பறையில் பழைய வாரண்டி அட்டைகள் ரப்பர் வளையம் போட்டுக் கிடக்கும். காத்தாடி, ரைஸ் குக்கர், சலவை இயந்திரம். பாதிப் பொருள்கள் இப்போது வீட்டிலேயே இல்லை. ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் இருபது வருடம் இருந்தவர் அவர். ஒருநாள் சொன்னார்: "ஒரு வருஷம் வாரண்டின்னா கடைசி மேசையில நின்னு செக் பண்ணா போதும். மூனு வருஷமாக்குனாங்க பாரு, அப்பதான் மேனேஜருங்க லைனுக்கே இறங்கி வந்தாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு உறுத்தியது. அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

பதில் எளிது. மூன்றாம் வருடம் இற்றுப்போகும் ரப்பரைக் கடைசி மேசையில் யாராலும் பார்க்க முடியாது. அது வாங்கியவர் வீட்டில், வாங்கியவர் செலவில் கெட்டுப்போகும். கம்பெனிக்குச் சேதிகூட எட்டாது. காலத்தை நீட்டினால் பொருளும் செலவும் சேதியும் சேர்ந்து திரும்பி வரும். பிறகு குறையை மேசையில் அல்ல, வரைபடத்திலும் உதிரிபாகம் தருபவரிடமும் தேடியாக வேண்டும்.

ஹூண்டாய் கதை இதற்கு நல்ல உதாரணம். 1986இல் அமெரிக்காவில் மலிவாக இறங்கிய அதன் எக்ஸெல் கார் சீக்கிரமே கேலிப்பொருளானது. 1998இல் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 வருடம் அல்லது 1,00,000 மைல் என்று அறிவித்தார்கள். தரத்தைச் சரிசெய்யாமல் அந்த வாக்கைக் கொடுத்திருந்தால் கம்பெனியே கவிழ்ந்திருக்கும். 2004இல் ஜே.டி. பவரின் தொடக்கத் தர ஆய்வில் ஹோண்டாவுக்குச் சமமாக நின்றார்கள்.

1785இல் காண்ட் எழுதிய நூலில் ஒரு கடைக்காரர் வருவார். விவரம் தெரியாதவரிடமும் அதிக விலை சொல்ல மாட்டார். ஆனால் வியாபாரம் கெடக்கூடாது என்பதற்காக. அதில் அறமதிப்பு இல்லை என்பார் காண்ட். நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். ஓடுகிற காத்தாடியிடம் யாரும் நோக்கம் கேட்பதில்லை. ஆனால் பயத்தில் பிறந்த ஒழுக்கத்துக்கு எல்லைக்கோடு உண்டு. அந்தப் 10 வருடம்கூட முதலில் வாங்கியவருக்குத்தான். அதே காரை இரண்டாவதாக வாங்குகிறவருக்கு அவ்வளவு கிடையாது.

வீடுகளில் அந்தக் கோடு இன்னும் அப்பட்டம். மலேசியாவில் புது வீட்டுக்குக் குறைநீக்கக் காலம் சாவி வாங்கியதிலிருந்து 24 மாதம். எங்கள் தாமானில் 23ஆவது மாதம் ஆளுக்கொரு பட்டியலோடு ஓடினோம். ஆட்கள் வந்து விரிசலில் சிமெண்டு பூசி, மேலே சாயம் அடித்துப் போனார்கள். இரண்டு மழைக்காலம் தாங்கியது. தரத்தை உயர்த்தச் சொன்ன அதே கெடு, பழுதைத் தள்ளிப்போடும் கலையையும் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அட்டையோடு நிற்பதில்லை. பொருள் நியாயமான அளவு நீடித்து உழைக்க வேண்டும் என்கிறது. 5 வெள்ளி கட்டித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நம்மில் எத்தனை பேர் போகிறோம்?

மாமாவிடம் கேட்டேன்: "வாரண்டி முடிஞ்ச மறுநாள் பொருள் திரும்பி வந்தா என்ன மாமா செய்வீங்க?"

"அது ஏன் எங்ககிட்ட வரப்போவுது?" என்றார்.