விலக்கும் அறமும்

பாலசமுத்திரத்தில் எழுந்தருளியிருக்கும் அகோபில வரதராஜப் பெருமாளைச் சேவிக்கத் தென்மாவட்டங்களிலிருந்து வரும் அன்பர்கள், ‘விலக்கு’ என்று முடியும் பேருந்து நிறுத்தப் பெயர்களை அறிவர். பெருவழியினின்றும் ஓர் ஊருக்குப் பாதை பிரியும் இடமே விலக்கு. ‘செய்யற்க’ என்று தடுத்தலைக் குறிப்பதும் இச்சொல்லே. இவ்விரு பொருள்களுக்கும் உள்ள உறவு சிந்திக்கத்தக்கது.

விலகு என்பது தன்வினை. ஒதுங்குதல், பிரிதல் என்று பொருள்படும். பெருகு பெருக்கு ஆவதும், உருகு உருக்கு ஆவதும் போல, விலகு என்பது ககரம் இரட்டித்து விலக்கு என்னும் பிறவினையாகும். ஒதுங்கச் செய்தல் அதன் பொருள். எனவே, இச்சொல்லின் அடிப்பொருளில் சினமும் இல்லை, தண்டனையும் இல்லை. தீய வழியிற் செல்பவனை அவ்வழியினின்றும் திருப்புதலே விலக்கு. விதித்தவற்றைச் செய்வதோடு விலக்கியவற்றை ஒழிவதும் அறமாகும் என்று திருக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர் கொண்டதும் இதுபற்றியே.

ஆயின், எதனை எதனின்று விலக்குவது என்பதே வினா. 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தது. அங்கே விலக்கப்பட்டது மது, காக்கப்பட்டவன் மனிதன். சாதியின் பேரால் கோயில் வாயிலில் நிகழ்ந்ததோ மனிதனையே விலக்கிய கொடுமை. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களுடன் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் சென்றார். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து, அதனைக் கைக்கொள்வதையே தடைசெய்தது. மாந்தரை விலக்கிய வழக்கம் தானே விலக்கப்பட்டது.

அங்ஙனமாயின், எந்த விலக்கையும் எவரும் மீறலாமோ? இதற்கு உடையவரின் வரலாறு விடை தருகிறது. பிறர்க்கு உரைக்கலாகாது என்று திருக்கோட்டியூர் நம்பி விலக்கிய மந்திரப் பொருளை, இராமானுசர் விரும்பி வந்தோர்க்கெல்லாம் வெளியிட்டார் என்று குருபரம்பரை கூறும். மீறியதற்குரிய நரகத்தைத் தாம் ஏற்று, அதன் பயனைப் பிறர்க்கு அளித்தார் அவர். இன்பத்தைத் தனக்கென்று கொண்டு, துன்பத்தைப் பிறர்மேல் ஏற்றுபவனின் மீறலோ வேறு. இருவரும் கடந்தது விலக்கையே எனினும், யார்பொருட்டுக் கடந்தனர் என்பதே அறத்தின் அளவுகோல்.

ஆண்டாள் நாச்சியார் திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் நெய், பால், மை, மலர், கோள் சொல்லுதல் ஆகியவற்றை நோன்புக்கு ஆகாதனவாக அடுக்குகிறாள். ‘செய்யாதீர்’ என்று பிறரை ஏவுதல் அங்கு இல்லை. வினைகள் யாவும் தன்மைப் பன்மையில், ‘நாங்கள் செய்யமாட்டோம்’ என்னும் பொருளில் அமைந்துள்ளன. விலக்குவோரும் விலகுவோரும் அங்கே ஒருவரே.

பிறரை விலக்கி நிறுத்துதல் எளிது. தன் நெஞ்சைத் தீமையினின்றும் விலக்குதலே அரிது; அதுவே நோன்பு. பெருமாள் சந்நிதியில் நிற்கும் அன்பர் ஒவ்வொருவரும் வேண்டத்தக்க வரமும் அதுவேயாம்.