மன்னித்தால் மட்டும் போதுமா?

"தப்பு பண்ணாத மனுஷன் யாரு?" என்று நாம எல்லாருமே சொல்வோம். அடுத்தவருக்கு நடந்தால் சொல்வது சுலபம். ஒருத்தர் செய்த தவறால் நம்ம உயிரே போயிருக்கும் என்றால், அப்போதும் அப்படியே சொல்வோமா? சொல்லத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு ஒரு விமானியின் வாழ்க்கையில் பதில் தேடிப் பார்ப்போம், நண்பர்களே. அவர் பெயர் பாப் ஹூவர். 1922ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டினார். 1944ல் தெற்கு பிரான்ஸ் கடற்கரைக்கு அருகே ஜெர்மானியர்கள் அவரைச் சுட்டு வீழ்த்திக் கைதியாகப் பிடித்தார்கள். போர் முடியும் நேரத்தில் சிறை முகாமிலிருந்து தப்பி, எதிரியின் போர் விமானம் ஒன்றையே எடுத்துக்கொண்டு நெதர்லாந்துக்குப் பறந்து போனார்! 1947 அக்டோபர் 14ல் சக் யேகர் ஒலியின் வேகத்தை முதன்முதலாகத் தாண்டியபோது, துணை விமானத்தில் கூடவே பறந்தவரும் இவர்தான்.

ராணுவத்தை விட்ட பிறகும் அவர் வானத்தை விடவில்லை. நார்த் அமெரிக்கன் நிறுவனத்தில் சோதனை விமானியாக இருந்தார். பிறகு சேபர்லைனர், ஷ்ரைக் கமாண்டர் போன்ற வணிகப் பயண விமானங்களை விமானக் கண்காட்சிகளில் ஓட்டிக் காட்டினார். நிறுவன அதிகாரிகள் பயணம் செய்வதற்காகச் செய்த ஷ்ரைக் கமாண்டரில் இரண்டு எஞ்சினையும் அணைத்துவிட்டு, வானில் கரணம் போட்டு, அப்படியே ஓடுபாதையில் இறக்குவார். மாயம் ஒன்றும் இல்லை. உயரத்தையும் வேகத்தையும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றும் கணக்குதான். நாம பள்ளியில் படித்த நிலை ஆற்றல், இயக்க ஆற்றல் பாடமேதான் அது.

அந்தக் கணக்கு ஒருநாள் நிஜமாகவே தேவைப்பட்டது. அவருடைய ஷ்ரைக் கமாண்டரில் இருந்தது பிஸ்டன் எஞ்சின். அதற்கு ஏவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். ஆனால் அதே குடும்பத்தில் டர்போபிராப் எஞ்சின் வைத்த விமானமும் உண்டு. பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எரிபொருள் நிரப்பிய பணியாளர் குழம்பிப்போய், மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த ஜெட் எரிபொருளை நிரப்பிவிட்டார். குழாய்களில் மிச்சம் இருந்த பெட்ரோல் விமானம் மேலே கிளம்பும் வரைக்கும் தாக்குப்பிடித்தது. அப்புறம் இரண்டு எஞ்சினும் நின்றுவிட்டன. ஹூவர் எப்படியோ தரையிறக்கினார். விமானம் சேதமானது, ஆனால் யாரும் சாகவில்லை.

பிறகு அந்த இளைஞரை அவர் திட்டவில்லை, வேலையை விட்டு எடுக்கச் சொல்லவும் இல்லை. "நாளைக்கு என் விமானத்துக்கு நீயே எரிபொருள் போடு" என்ற பொருளில் அவர் பேசியதாக விமானத் துறையில் இன்றும் சொல்கிறார்கள்.

பெரும்பாலும் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிட்டு, "பாருங்க, எவ்வளவு பெரிய மனசு!" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அது பத்தவில்லை. அந்த இளைஞர் இனி ஜாக்கிரதையாக இருப்பார், சரி. ஆனால் வேறொரு நிலையத்தில், வேறொரு இளைஞர், களைப்பான ஒரு மாலையில் அதே தவறைச் செய்ய மாட்டாரா? ஹூவர் அளவுக்குத் திறமை இல்லாத விமானி அந்த விமானத்தில் இருந்தால்?

ஹூவரும் அங்கே நிறுத்தவில்லை. ஜெட் எரிபொருள் குழாயின் முனையை அகலமாக, தட்டையாகச் செய்ய வேண்டும்; பெட்ரோல் விமானங்களின் தொட்டி வாயை ஒரு வளையம் போட்டுச் சிறிதாக்க வேண்டும். அப்படிச் செய்தால், தவறான குழாயைக் கொண்டுவந்தாலும் அது உள்ளே நுழையாது. விமானத் துறை அமைப்புகளின் துணையோடு இந்த மாற்றத்தை அவர் ஊக்கமாகப் பரப்பினார். இன்று அந்த முனைக்கு 'ஹூவர் நாசில்' என்றுதான் பெயர்.

இதில் இரண்டு பாடம் இருப்பதாக நினைக்கிறேன். முதலாவது, ஹூவர் அந்த இளைஞரிடம் ஒப்படைத்தது தன் சொந்த விமானத்தை. அடுத்தவர் உயிரைப் பணயம் வைத்து நாம தாராளமாக மன்னிப்பது பெருந்தன்மை ஆகாது. நம்பிக்கை வைப்பவர், அதற்கான ஆபத்தில் தானும் பங்கு எடுக்க வேண்டும்.

இரண்டாவது, ஆளை நம்புவது வேறு, ஏற்பாட்டை நம்புவது வேறு. ஹூவர் ஆளை நம்பினார், ஏற்பாட்டைச் சந்தேகப்பட்டார். நாம பல நேரம் தலைகீழாகச் செய்கிறோம். கோயில் திருவிழா அன்னதானத்தில் கணக்கு குழம்பினாலும் சரி, முகாமில் பேருந்து நேரம் மாறிப்போனாலும் சரி, "யாரு பண்ணது?" என்றுதான் முதலில் கேட்கிறோம். புதிதாகச் சேர்ந்த தம்பியோ தங்கையோ திட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்கு வருவதில்லை. ஏற்பாடோ அப்படியே இருக்கிறது. அடுத்த வருஷம் வேறொருவர் அதே குழியில் விழுகிறார். இதைவிட மோசம், திட்டுக்குப் பயந்து தவறை மறைக்கப் பழகிவிடுகிறோம். மறைத்த தவறை யாராலும் திருத்த முடியாது.

"அப்படின்னா எல்லாத்துக்கும் ஏற்பாட்டைக் குறை சொல்லித் தப்பிக்கலாமா?" என்று நீங்க கேட்கலாம். கூடாது. தெரிந்தே அலட்சியமாக இருந்தவரும், தவறை மூடி மறைத்தவரும் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் கவனம் சிதறுவது மனித இயல்பு. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று தெரிந்த பிறகும், சறுக்குகிற பாதையை அப்படியே விட்டுவைத்தால் அது யார் தவறு?

மன்னிப்பு மனசுக்குள் தொடங்கலாம். முடிய வேண்டியது கையில். அடுத்த முறை நம்ம குழுவில் ஒருவர் தவறு செய்தால், முதலில் அவருக்கு அதே பொறுப்பைத் திரும்பக் கொடுப்போம். பிறகு அவரையே பக்கத்தில் உட்கார வைத்து, "இது இனிமே யாருக்கும் நடக்காம இருக்க என்ன மாத்தலாம்?" என்று கேட்போம். அந்த இடம் எங்கே சறுக்கும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?