பின்வரிசையில் நிற்பவர்

நம் ஆலயங்களில் பாடகர் குழு நிற்கும் பக்கத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால், கீபோர்டுக்கும் டிரம்ஸுக்கும் இடையே, பெரும்பாலும் ஒரு தூணை ஒட்டி, நான்கே தந்திகள் கொண்ட நீண்ட கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் நிற்பதைக் காணலாம். எல்லாப் பங்குகளிலும் அவர் இல்லை. இருக்கும் பங்குகளிலும் அவர் இருப்பது பலருக்குத் தெரியாது. அவர் வாசிப்பது பேஸ் கிட்டார். வார நாள்களில் வங்கியிலோ மின்வாரியத்திலோ அச்சகத்திலோ வேலை பார்ப்பவர். இசை அவருக்குப் பிழைப்பன்று. இத்தகையோரை 'அமெச்சூர்' என்கிறோம். அச்சொல்லை 'அரைகுறை' என்னும் பொருளிலேயே வழங்கியும் வருகிறோம். அதன் வேர் 'அமாத்தோர்' என்னும் இலத்தீன் சொல். 'நேசிப்பவர்' என்பது அதன் பொருள். ஊதியத்தை எண்ணாமல் நேசத்தினால் ஒன்றைச் செய்பவர் என்ற உயர்ந்த கருத்து, வழக்கில் தேய்ந்து இகழ்ச்சியாகிவிட்டது. சொற்களுக்கும் இப்படி நேர்வதுண்டு.

பேஸ் கிட்டாரை ஆசைப்பட்டுத் தேடி வருவோர் குறைவு. கிட்டார் வாசிக்க இருவர் வந்துவிட்டால், அவர்களுள் ஒருவர் 'நீ பேஸ் வாசி' என்று மாற்றப்படுகிறார். உலகப் புகழ்பெற்ற பீட்டில்ஸ் குழுவிலும் இதுவே நடந்தது. 1961ஆம் ஆண்டில் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் விலகியபோது, மற்றவர்கள் விரும்பாத அந்த இடத்தைப் பால் மெக்கார்ட்னி ஏற்றுக்கொண்டார்.

கருவி ஒன்றும் தொன்மையானதன்று. அதற்கு முன்பு அடிச்சுவரத்தை வாசித்தது, ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் டபுள் பேஸ். அதைத் தூக்கிச் செல்வதே பெரும்பாடு. டிரம்ஸும் எக்காளமும் முழங்கும் இடத்தில் அதன் ஒலி எடுபடுவதுமில்லை. 1930களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் கிட்டாரைப் போல ஏந்தி வாசிக்கும் மின் பேஸ் ஒன்றைச் செய்தார், அது பரவவில்லை. 1951இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்' என்னும் கருவியே உலகெங்கும் பரவியது. கழுத்தில் உலோகக் கட்டைகள் பதித்திருந்ததால் விரல் வைத்த இடத்தில் சுவரம் துல்லியமாக விழுந்தது. பெயருக்குக் காரணம் அதுதான்.

இங்கே இயற்கையின் விந்தை ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. இத்துணைத் தாழ்ந்த ஒலியை மனிதச் செவி எளிதில் உணர்வதில்லை. பாடகரின் குரலுக்கு நிகராக அதைக் கேட்கச் செய்வதற்குப் பல மடங்கு மின்னாற்றல் தேவை. காற்றை நிறைய அசைக்கக்கூடிய 12 அல்லது 15 அங்குலக் கூம்பு தேவை. அதை அடக்கப் பருத்த மரப்பெட்டி தேவை. ஆலயத்தின் குழாய் ஒலிபெருக்கியில் இணைத்தால் இக்கருவி வாய்திறக்காது. சிறிய பெட்டியில் இணைத்துச் சத்தத்தைக் கூட்டினால் கூம்பு கிழிந்துவிடும். ஆகவே குழுவிலேயே மிகக் குறைவாகக் கவனிக்கப்படுபவர் எவரோ, அவரே மிகக் கனமான பெட்டியைச் சுமக்கிறார்! வயலின் வாசிப்பவர் பேருந்தில் ஏறிவிடுகிறார். இவருக்கு ஆட்டோ வேண்டும். ஆட்டோவிலிருந்து இறக்க இன்னொருவர் வேண்டும்.

தந்திகளின் கதையும் கேட்கத்தக்கதே. பேஸ் தந்திகள் விலை மிகுந்தவை. வியர்வையும் அழுக்கும் ஏறி அவற்றின் ஒலி மங்கிவிடும்போது, புதிது வாங்க இயலாதவர்கள் அவற்றைக் கழற்றி, கொதிநீரில் சில நிமிடங்கள் வேகவைத்துத் துடைத்து, மீண்டும் பூட்டுகிறார்கள். ஒலி சில வாரங்களுக்குத் தெளிவு பெறுகிறது. வீட்டார் 'இன்றைக்கு என்ன குழம்பு?' என்று கேலி செய்யாமல் இருப்பார்களா?

இவ்வளவு பாடுபட்டு அவர் வாசிப்பது எதை? ஓர் அடிக்கு இரண்டு மூன்று சுவரங்கள். பல பாடல்களில் ஒன்றே போதும். ஆயினும் அந்த ஒன்றைப் பொறுத்தே மற்றவை பொருள் பெறுகின்றன. கீபோர்டில் ஸ, க, ப என்னும் மூன்று சுவரங்கள் சேர்ந்து ஒலிக்கையில் அடியில் ஸ நின்றால் மகிழ்ச்சி தோன்றுகிறது. அதே மூன்றின் அடியில் இவர் தாழ்ந்த த வாசித்தால், மேலே ஒரு விரலும் அசையாமலே துயரத்தின் சாயல் படர்ந்துவிடுகிறது. இவர் தவறினாலோ, தவறியவர் இவர் என்று எவரும் அறிவதில்லை. பாடியவருக்குச் சுருதி விலகிவிட்டதாகவே மக்கள் கருதுகிறார்கள். நம் கர்நாடக இசை மேடையில் தம்பூரா மீட்டுபவரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. கச்சேரி முழுவதையும் தாங்குபவர் அவர். மின்னணுத் தம்பூரா வந்தபின் பல மேடைகளில் அவருடைய இருக்கையே மறைந்துவிட்டது.

பங்குப் பாடகர் குழுவின் பேஸ் கலைஞருக்குக் கச்சேரிகள் என்று எவற்றைச் சொல்லலாம்? ஞாயிறு திருப்பலி, ஒன்பது நாள் நவநாள், திருமணங்கள், டிசம்பர்க் குளிரில் திறந்த வண்டியில் ஜெனரேட்டர் இரைச்சலோடு செல்லும் கிறிஸ்து பிறப்புப் பாடல் பவனி. தவக்காலத்தில் இசைக்கருவிகள் பாடலுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கலாம் என்பது திருவழிபாட்டு ஒழுங்கு. அதன்படி அடங்கி நின்ற பேஸ், பாஸ்கா திருவிழிப்பின் 'உன்னதங்களிலே' முழங்கும்போது மணிகளோடும் டிரம்ஸோடும் எழுகையில் தரையே அதிர்கிறது. அந்த அதிர்வைச் செவியால் கேட்பதைவிட நெஞ்சுக்கூட்டினால் உணர்கிறோம். ஆலயத்தில் கிட்டார் எதற்கு என்று முணுமுணுக்கும் முதியோர் இன்றும் உண்டு. 1903இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் பியானோவையே ஆலயத்தில் தடை செய்திருந்தார் என்பதும், 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தகுதியான பிற கருவிகளை ஆட்சியாளரின் இசைவோடு ஏற்கலாம் என்று வழிதிறந்தது என்பதும் அவர்களுக்கு விடையாகட்டும். நம் சிந்தனை வேறொன்றைப் பற்றியது.

கவனிக்கப்படாமல் உழைக்கும் இத்தகையோரைக் குறித்து நாம் வழக்கமாக என்ன சொல்கிறோம்? 'மறைவாய்ச் செய்வதை மறைவாய்க் காணும் இறைவன் அறிவார்' என்கிறோம். மலைப்பொழிவை மேற்கோள் காட்டுகிறோம். அது உண்மைதான். ஆனால் மறைவு இருவகைப்படும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருவர் தாமே விரும்பி ஏற்கும் மறைவு ஒன்று. பிறர் அவர்மேல் போர்த்திவிடும் மறைவு மற்றொன்று. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1959இல் தொடங்கப்பட்ட மோட்டவுன் நிறுவனத்தின் புகழ்பெற்ற இசைத்தட்டுகள் பலவற்றில் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டியவர். தந்திகளை மாற்றுவதை விரும்பாதவர். அவர் வாசிப்பைக் கேட்டு அந்தக் கருவியைக் கற்றவர்கள் பல நாடுகளில் உண்டு. ஆனால் ஆண்டுக்கணக்காக அந்த இசைத்தட்டுகளின் உறையில் அவர் பெயர் இல்லை. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வெளிவந்தபோதுதான் அச்சில் அது இடம்பெற்றது. 1983இல், 47ஆம் வயதில், அவர் மறைந்தார். ராக் இசைக்கான புகழ் மண்டபத்தில் அவர் சேர்க்கப்பட்டது 2000ஆம் ஆண்டில். அவர் அமெச்சூர் அல்லர், ஊதியம் பெற்றவர். கூலி கொடுத்தாயிற்றே, பெயர் எதற்கு என்று கேட்போர் இருக்கலாம். அவரிடம் சென்று 'மறைந்திருத்தல் நல்ல புண்ணியம்' என்று சொல்ல நமக்கு நா எழுமா?

கூலி பெற்றவருக்கே இப்படியென்றால், பெறாதவருக்கு? இங்கேதான் நற்செய்தியைக் கவனமாகப் படிக்கக் கடமைப்பட்டுள்ளோம். வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்க வேண்டும் என்று ஆண்டவர் கற்பித்தது கொடுப்பவருக்கு. பெற்றுக்கொள்பவரைப் பார்த்து 'நீ மறந்துவிடு' என்று அவர் எங்கும் சொல்லவில்லை. மாறாக, நலமடைந்த பத்துத் தொழுநோயாளருள் ஒருவர் மட்டும் திரும்பி வந்தபோது, மற்ற ஒன்பது பேரைக் குறித்து வருத்தத்துடன் வினவியவர் அவரே. புனித பவுலும், உடலில் வலுவற்றதாகத் தோன்றும் உறுப்பு இன்றியமையாதது என்று கொரிந்தியருக்கு ஆறுதல் மட்டும் சொல்லி முடிக்கவில்லை. அதற்குக் கூடுதல் மதிப்பளிக்கும் பொறுப்பை உடலின் மற்ற உறுப்புகள்மேல் வைக்கிறார். நன்றியுணர்வைப் புனித தோமா அக்குவினாஸ் நீதியோடு சார்ந்த நற்பண்புகளுள் சேர்த்திருப்பது கருதத்தக்கது. நாமோ அதை நாகரிகம் என்ற அளவில் நிறுத்திவிட்டோம்.

பாராட்டினால் அவர்களுக்குத் தற்பெருமை வந்துவிடாதா என்னும் அச்சம் நம்மிடையே உண்டு. வீண்பெருமையைப் பற்றி அதே தோமா எழுதுகையில், புகழை விரும்புவது தன்னளவில் பாவமன்று என்றும், தகுதியற்ற ஒன்றிலோ தகுதியற்றவரிடமோ அதைத் தேடுவதும், இறைவனுக்கோ பிறர் நலத்துக்கோ உதவாத வகையில் தேடுவதுமே வீண் என்றும் தெளிவுபடுத்துகிறார். நான்கு தந்திக்காரர் ஒருவரிடம் 'இன்று உங்கள் வாசிப்பு பாடலைத் தாங்கியது' என்று சொல்வதனால் அவர் ஆன்மாவுக்குக் கேடு வருமென்று அஞ்சுவது, ஏழைக்குச் சோறிட்டால் பெருந்தீனிக்காரன் ஆகிவிடுவான் என்று அஞ்சுவதை ஒக்கும்.

நன்றி என்பது சொல்லோடு முடிவதுமன்று. திருவிழாவில் வாணவேடிக்கைக்கும் அலங்கார விளக்குக்கும் வெளியூர் மெல்லிசைக் குழுவுக்கும் கணக்கில் இடமுண்டு. அழைப்பிதழில் பூமாலை அளித்தவர்வரை பெயர் அச்சிடுகிறோம். ஒன்பது நாளும் வாசித்த நம் பிள்ளைகள் 'பாடகர் குழுவினர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். அவர்கள் கூலி கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். தந்திக்கும் ஆட்டோவுக்கும் ஆன செலவை அன்பு என்னும் கணக்கில் எழுதிவிடுவது நீதியாகுமா?

இன்னொரு வினா இப்போது எழுந்துள்ளது. இக்காலக் கீபோர்டுகளில் இடக்கையால் கார்டை அழுத்தினால் டிரம்ஸும் பேஸும் தாமாகவே ஒலிக்கின்றன. தவறாத தாளம், கனமான பெட்டி வேண்டா, ஒத்திகைக்கு வரவில்லையே என்ற மனத்தாங்கலும் இல்லை. அவ்வாறிருக்க இந்த மனிதர் எதற்கு? 1958இல் உரோமைத் திருச்சடங்குப் பேராயம் திருஇசை பற்றி வெளியிட்ட அறிவுரை, இசைத்தட்டு முதலிய தானியங்கிக் கருவிகளைத் திருவழிபாட்டில் தடை செய்தது. இன்றைய கீபோர்டுக்கு அதன் எழுத்து பொருந்துமா என்று வல்லுநர்கள் வாதிடட்டும். அதன் கருத்து நமக்கு விளங்குகிறது. திருவழிபாட்டில் நாம் படைப்பது நல்ல ஒலியை மட்டுமன்று. ஒருவருடைய மாலை நேரமும், தடித்துப்போன விரல்நுனிகளும், தோள்வலியும் அப்பத்தோடும் இரசத்தோடும் பீடத்தை அடைகின்றன. எந்திரத்துக்குத் தவறு நேராது. படைப்பதற்கென்று அதனிடம் எதுவும் கிடையாது.

வீரமாமுனிவர் தமிழில் பெருங்காப்பியம் பாட எண்ணியபோது யாரைத் தலைவராகக் கொண்டார்? நற்செய்தி நூல்களில் ஒரு சொல்லேனும் பேசாத புனித சூசையப்பரை. அவருக்கு 'வளன்' என்று அழகிய தமிழ்ப்பெயர் சூட்டி, 3,615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடினார். சூசையப்பர் தம்மை மறைத்துக்கொண்டது அவருடைய புனிதம். அதைக் காரணங்காட்டி முனிவர் வாளாவிருக்கவில்லை. திருச்சபையும் இதில் காலந்தாழ்த்தியே விழித்தது எனலாம். உரோமை நற்கருணை மன்றாட்டில் சூசையப்பரின் பெயரைத் திருத்தந்தை 23ஆம் யோவான் சேர்த்தது 1962இல்தான். மற்ற மூன்று நற்கருணை மன்றாட்டுகளில் அப்பெயர் இடம்பெற மேலும் 51 ஆண்டுகள் சென்றன. 2013இல் அதற்கான ஆணை வெளிவந்தது. இன்று இம்மன்றாட்டுகள் சொல்லப்படும் திருப்பலிகளில் அத்தச்சரின் பெயர் ஒலிக்கிறது. அதனால் அவருடைய தாழ்ச்சிக்கு ஒரு குறையும் நேர்ந்ததாகத் தெரியவில்லை.

கொடியிறக்கம் முடிந்து மக்கள் கலைந்தபின், பாடகரைச் சூழ்ந்து நாலுபேர் நிற்கும் வேளையில், தூணோரம் ஒருவர் குனிந்து கம்பிச்சுருளைச் சுற்றிக்கொண்டிருப்பார். அந்தப் பெட்டியின் மறுபுறத்துக் கைப்பிடியைப் பிடிக்க ஓர் ஆள் தேவை. தூக்கிக்கொண்டே அவருடைய வாசிப்பைக் குறித்து ஒரு சொல் சொன்னால் அவர் கூச்சப்படுவார், பேச்சை மாற்றுவார். இரண்டாம் காணிக்கைப் பாடலில் டிரம்ஸ் சற்று ஓடிவிட்டது, அடுத்த ஞாயிறுக்குள் சரிசெய்துவிடலாம் என்பார்.