நோயாளி மறுக்கலாமா?

2022இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள் கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரட்டீஸின் உறுதிமொழிக்குப் பதில், பண்டைய இந்திய மருத்துவர் சரகர் பெயரிலான உறுதிமொழியை எடுத்தார்கள். பெரிய சர்ச்சை ஆயிற்று. எந்த ஏடு உயர்ந்தது என்று கட்சி கட்டிப் பேசினோம். இரண்டையும் விரித்துப் படித்தோமா? கிரேக்க உறுதிமொழி அப்பொல்லோ தெய்வத்தின் மீது ஆணையிட்டுத் தொடங்குகிறது. சரகர் உறுதிமொழிக்கு மூலமான சரக சம்ஹிதையோ, அரசன் வெறுப்பவனுக்கும், கணவனோ காப்பாளரோ உடன் இல்லாத பெண்ணுக்கும் மருத்துவம் பார்க்காதே என்கிறது. நோயாளியிடம் விளக்கிச் சொல், சம்மதம் கேள் என்று இரண்டுமே சொல்லவில்லை.

சாமி மீது சத்தியம் செய்தவன் ஒழுங்காக நடப்பான் என்பது மூடநம்பிக்கை. பாடம் நடத்தினாலே நடப்பான் என்பதும் அதே ரகம்தான். ஜெர்மனியில் 1931லேயே மனிதர்கள் மீதான பரிசோதனைக்குச் சம்மதம் வேண்டும் என்று அரசு நெறிமுறை இருந்தது. 1939இல் நாஜி ஆட்சி மருத்துவ மாணவர்களுக்கு அறநெறிப் பாடத்தைக் கட்டாயமாக்கியது. அந்த நாட்டு மருத்துவர்கள்தான் தாகாவ் வதைமுகாமில் கைதிகளை உறைநீரில் அமிழ்த்திச் சோதித்தார்கள். இனத்தின் நலனே மருத்துவனின் கடமை என்று போதித்தது அந்த அறநெறிப் பாடம். எதிரே இருக்கும் மனிதனுக்கு அதில் இடமில்லை.

நம் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 2019 முதல் மனப்பான்மை, அறநெறி, தகவல் தொடர்பு என்றொரு பகுதி இருக்கிறது. நல்லது. ஆனால் வகுப்பு எழுதியதை வார்டு அழித்துவிடுகிறது. காலை ரவுண்ட்ஸில் பேராசிரியர், "நல்ல கேஸ், மண்ணீரல் வீங்கியிருக்கு" என்கிறார். மாணவர்கள் வரிசையாக வந்து அந்த அம்மாவின் வயிற்றை அழுத்துகிறார்கள். சேலையை விலக்கும்முன் யாரும் கேட்கவில்லை. திரையை இழுத்துவிடவும் இல்லை. ஐந்தாவது கை படும்போது அவர் பல்லைக் கடித்துக்கொள்கிறார். தனியார் மருத்துவமனையின் ஏ.சி. அறையில் படுத்திருப்பவரிடம் இப்படிச் செய்யத் துணிவார்களா? இலவச வைத்தியத்துக்கு உடம்பால் கட்டணம் கட்ட வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவருடைய தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையை அகற்றிய வழக்கில், அந்த ஒப்புதல் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றும் பெண் நோயாளியிடம், "கூட வந்தது யாரு?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

கனிவாகப் பேசப் பழக்கினால் மட்டும் போதாது. தேனொழுகப் பேசியே உண்மையை மறைத்துவிடலாம். மாணவர் பழக வேண்டிய பேச்சு இது: "அம்மா, நான் படிக்கிற பையன். வயித்தைத் தொட்டுப் பார்க்கலாமா? வேண்டாம்னா சொல்லுங்க, உங்க வைத்தியத்துல ஒண்ணும் குறையாது." இதைப் பேராசிரியர் முதலில் சொல்லிக்காட்ட வேண்டும். அந்த அம்மா "வேண்டாம்" என்றால் அத்தனை பேரும் விலகி நிற்க வேண்டும். செய்முறைத் தேர்வில் கேட்காமல் கைவைத்தவர், நோயைச் சரியாகக் கண்டுபிடித்தாலும் ஃபெயில் என்று விதி எழுதுங்கள். அந்த விதியை எழுதத் தயங்கும் கல்லூரி, உறுதிமொழி விழா நடத்துவதை நிறுத்திக்கொள்ளட்டும்.