பக்கத்துத் துண்டில் விழுந்த பைட்

போஸ்ட்கிரெஸ் சர்வரில் ஒரு பிராசஸ் செத்து விழுந்தால் மற்ற இணைப்புகளுக்கெல்லாம் ஓர் உத்தரவு போகும். சாரம் இதுதான்: வேறொரு பிராசஸ் அசாதாரணமாக முடிந்துவிட்டது, பொது நினைவகத்தை அது கெடுத்திருக்கக்கூடும், ஆகவே நடப்பு வேலையைக் கைவிட்டு வெளியேறு. அந்தக் ‘கூடும்’தான் என்னை உறுத்துகிறது. ஒருத்தன் செய்ததுக்கு, அதுவும் செய்தானா என்றே தெரியாததுக்கு, ஊரையே காலி பண்ணலாமா?

சி மொழியில் எழுதிய எக்ஸ்டென்ஷன் சர்வருக்கு உள்ளேயே ஓடும். நடுவில் தடுப்புச் சுவர் கிடையாது. பிழை தேடும் வேலையில் நான் அடிக்கடி பார்ப்பது ஒன்று. போஸ்ட்கிரெஸின் டெக்ஸ்ட் மதிப்பில் நீளம் முன்னால் இருக்கும், கடைசியில் பூஜ்ய பைட் இருக்காது. அதை சி சரமாக்க, நீளத்தைவிட ஒரு பைட் கூடுதலாகக் கேட்க வேண்டும். எழுதியவர் அந்த ஒன்றை விட்டுவிடுவார். விட்டாலும் ஒன்றும் ஆகாது. 20 பைட் கேட்டால் பாலாக் 32 பைட் இடம் எடுத்து வைக்கும், சின்னத் தேவைகளை இரண்டின் அடுக்குக்கு உயர்த்துவது அதன் வழக்கம். உபரி இடத்தில் தப்பு சுகமாகத் தூங்கும். சரியாக 32 பைட் வரும் நாளில்தான் வினை. (தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட். 10 குறியீடு கொண்ட பெயருக்கு முன்னால் ஆங்கில இனிஷியலும் புள்ளியும் போட்டால் 32 வந்துவிடும்.) அப்போதும் பக்கத்துத் துண்டில் ஏற்கெனவே ஆள் குடியிருந்தால்தான் சேதம். அதன் தலைப்பகுதியில் ஒரு பைட் அழிகிறது. வெடிப்பது வெகுநேரம் கழித்து, யாரோ அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுக்கும்போது. ஸ்டாக் டிரேஸில் வருவது அந்த அப்பாவி ஃபங்ஷனின் பெயர். அடிபட்டவன் மேலேயே எஃப்ஐஆர்.

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் ‘ஒழுக்க அதிர்ஷ்டம்’ பற்றி எழுதினார்கள். குடித்துவிட்டு நடைபாதையில் வண்டி ஏற்றியவன், அங்கே ஆள் இல்லாததால் தப்பிக்கிறான். ஆள் இருந்தால் கொலைகாரன். தப்பு ஒன்றே, பழி மட்டும் வேறு. நிரலாளர்கள் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார்கள். சோதனைக்கென்று கட்டும் போஸ்ட்கிரெஸில், கேட்ட இடத்துக்கு அடுத்து ஒரு காவல் பைட் நிற்கும், விடுவித்த நினைவகம் முழுக்க 7எஃப் என்று நிரப்பப்படும். உபரியில் தூங்கின தப்பும் அங்கே மாட்டிக்கொள்ளும். தத்துவவாதிகளைவிட இவர்கள் நேர்மையாக யோசித்திருக்கிறார்கள் என்பேன். ஆனால் அந்தக் கட்டுமானம் மெதுவாக ஓடும், நிஜ சர்வரில் யாரும் வைப்பதில்லை.

அதனால் நிஜ சர்வரில் எஞ்சுவது அந்த உத்தரவுதான். போஸ்ட்மாஸ்டர் விசாரணை நடத்துவதில்லை. கெட்டுப்போன பக்கம் வட்டில் ஏறிவிட்டால் பிறகு எதை நம்புவது? கமிட் ஆனதை லாகிலிருந்து மீட்டுக்கொள்ளலாம், பாதியில் நிற்கும் வேலை மட்டும் போகும். எனக்கு இது சரியாகவே படுகிறது. நாலு மணி நேர ரிப்போர்ட்டை இழந்த நண்பர் ஒப்பவில்லை. “தப்பு பண்ணாதவனுக்கு ஏன் சார் தண்டனை?” என்றார். தண்டனை இல்லை, சந்தேகப்பட்ட கிணத்தை மூடுற மாதிரி என்றேன். “கிணத்துக்கென்ன, குடத்தோட வந்தவளக் கேளுங்க,” என்றார்.

அதற்கு என்னிடம் பாதி பதில்தான் இருக்கிறது. குடத்தோடு வந்தவள் போஸ்ட்மாஸ்டரைக் கேட்க வேண்டியதில்லை, எக்ஸ்டென்ஷனை உள்ளே விட்டவரைக் கேட்க வேண்டும். சி ஃபங்ஷனைச் சேர்க்கும் உரிமை சூப்பர்யூசருக்கு மட்டும் இருப்பது அதற்காகத்தான். உரிமையாளர் யார் என்று சர்வரின் பட்டியலிலேயே பார்க்கலாம். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ‘போஸ்ட்கிரெஸ்’ என்றிருக்கும், ஆள் பெயர் இருக்காது.